எவ்வளவு? எந்தப் பக்கம்?

உயிர் போன செல்போன் சார்ஜர் வீட்டில் கிடந்தால் திறந்து பாருங்கள். பிளக்கிலிருந்து கழற்றிக் கொஞ்ச நேரம் ஆன பிறகு திறப்பது நல்லது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கக்கூடும். 230 வோல்ட் வந்து நுழையும் இடத்தில் முதல் ஆளாக நிற்பது ஒரு பியூஸ். மலிவான சார்ஜர் என்றால் கண்ணாடிக் குழாய் இருக்காது. அளவு மீறினால் அறுந்துபோவதற்கென்றே செய்த ஒரு சிறு மின்தடை இருக்கும். அதைத் தாண்டி அரை அங்குலத்தில் கறுப்பு உருளைகளாக நான்கு டயோடுகள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு.

பியூஸ், டயோடு இரண்டுக்கும் கால் இரண்டுதான். இரண்டுமே மின்சாரம் போகிற வழியில் நிற்பவை, சமயத்தில் அதை மறிப்பவை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள், “பியூஸும் கரண்ட்டை நிறுத்துது, டயோடும் நிறுத்துது, அப்புறம் எதுக்கு ரெண்டு?” என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் பியூஸை ‘மின்னோட்டத்தின் விளைவுகள்’ பாடத்திலும் டயோடைக் குறைகடத்திப் பாடத்திலும் வைத்துவிடுவதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பே மாணவனுக்குக் கிடைப்பதில்லை.

பியூஸ் பார்ப்பது, எவ்வளவு போகிறது என்று. டயோடு பார்ப்பது, எந்தப் பக்கம் போகிறது என்று. பியூஸுக்குத் திசை தெரியாது, டயோடுக்கு அளவு தெரியாது. கற்றுக்கொடுத்தால் தெரிந்துகொள்ளும் விஷயமும் அல்ல இது. அவை வேலை செய்யும் விதத்திலேயே அந்தக் குருட்டுத்தனம் இருக்கிறது.

பியூஸிலிருந்து தொடங்குவோம். ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பதை 1841-ல் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொன்னார். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 ஆம்பியர் 10 ஆனால் வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 15 ஆனால் ஒன்பது மடங்கு. பியூஸின் கூர்மை இந்த வர்க்கத்தில் இருக்கிறது. அதன் குருட்டுத்தனமும் அங்கேயேதான் இருக்கிறது. வர்க்கம் எடுத்ததும் கூட்டல் குறி, கழித்தல் குறி இரண்டும் ஒன்றாகிவிடும். இடமிருந்து வலம் போகும் 10 ஆம்பியரும் வலமிருந்து இடம் போகும் 10 ஆம்பியரும் அந்தக் கம்பிக்கு ஒரே சூடு. கண்ணாடி பியூஸைத் திருப்பிப் போட்டாலும் அது அப்படியே வேலை செய்வது இதனால்தான்.

எந்தத் தடிமனுள்ள கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும்? பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின் பொறியாளர் வில்லியம் ப்ரீஸ் 1880-களில் இதைச் சோதித்து ஒரு சூத்திரம் தந்தார். செப்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் ஒன்றரை அடுக்கை 80-ஆல் பெருக்க வேண்டும். நம் வீடுகளில் வெள்ளைப் பீங்கான் கேரியரில் கட்டும் 5 ஆம்பியர் பியூஸ் கம்பி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அது உருகுவது 7 ஆம்பியரில். 15 ஆம்பியர் கம்பி அரை மில்லிமீட்டர். அது உருக 28 ஆம்பியர் வேண்டும். 15 என்று பெயர் போட்ட கம்பி 25 ஆம்பியரைச் சலனமில்லாமல் சுமக்கிறது என்றால் பலருக்கு நம்பிக்கை வராது. அந்தப் பெயர் எண், கம்பி நாள் முழுக்கத் தாங்கும் அளவைச் சொல்கிறது, அறுந்துபோகும் அளவையல்ல. கண்ணாடிக் குழாய் பியூஸுக்கான சர்வதேசத் தரத்திலும் இதே கதைதான். எஃப் என்ற எழுத்து போட்ட வேக வகை, பெயரளவைப்போல் ஒன்றரை மடங்கை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும், 2.1 மடங்கில் அரை மணிக்குள் அறுந்தால் போதும். பத்து மடங்கு வந்தால்தான் அவசரம் காட்டும். 20 மில்லிநொடிக்குள் போய்விடும்.

ஆக, பியூஸ் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு நேரம் என்றும் பார்க்கிறது. சூடு சேரச் சேரத்தான் அதற்கு விஷயம் புரிகிறது. மோட்டாரோ பெரிய கெப்பாசிட்டரோ உள்ள கருவி, ஸ்விட்ச் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். அங்கே டி என்று எழுதிய நிதான பியூஸ் போடுவார்கள். அந்தக் கணத்துச் சூட்டை அது பொறுத்துக்கொள்ளும்.

பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், வெள்ளிக்கு 962. லேசான மிகைச்சுமையில் கம்பி அந்தச் சூட்டை நோக்கி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால், அறுவதற்கு முன்பே அதைத் தாங்கும் கூடு கருகிவிடும். இதற்கு மெட்காஃப் என்பவர் 1939-ல் விளக்கிய உபாயம் அழகானது. கம்பியின் நடுவே ஒரு சொட்டு வெள்ளீயம் வைத்தார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய வெள்ளீயம் பக்கத்து உலோகத்தைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கம்பி தன் உருகுநிலையை எட்டாமலே நடுவில் அறுந்துவிடுகிறது. நிதான பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிலவற்றில் அந்தச் சொட்டு தெரியும்.

அறுந்ததும் கதை முடிவதில்லை. கம்பி விலகிய இடைவெளியில் மின்வில் தாவும். மின்சாரம் காற்றின் வழியே தொடர்ந்து ஓடும். மாறுதிசை மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால் அந்த மின்வில் தானாக அணைய வாய்ப்புண்டு. நேர்திசையில் அந்தச் சலுகை கிடையாது. காரில் போடும் தகடு பியூஸில் 32 வோல்ட் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பல நூறு வோல்ட் நேர்திசையில் ஓடும் மொட்டைமாடி சோலார் வரிசையில் அதைப் போட்டால், ஆம்பியர் பொருந்தினாலும் அறுந்த பிறகு எரிந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலைகளின் ஹெச்ஆர்சி பியூஸுக்குள் குவார்ட்ஸ் மணல் நிரப்புவதும் இதற்காகத்தான். மின்வில்லின் வெப்பத்தை வாங்கி மணல் உருகிக் கண்ணாடியாகும், சுடர் மூச்சுத் திணறி அணையும். இப்படிச் செய்த பியூஸ் 80 ஆயிரம் ஆம்பியர் குறுக்குச்சுற்றையும் வெடிக்காமல் அறுக்கும்.

பியூஸ் மனிதனைக் காப்பாற்றுவதற்காக வைத்ததல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் உடல் வழியே சில பத்து மில்லிஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸுக்கு அது கணக்கிலேயே வராத அளவு. பியூஸ் காப்பது சுவருக்குள் போகும் வயரை. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்ப்பதுதான் அதன் வேலை. ஷாக்கிலிருந்து காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் தனிக் கருவி வேண்டும். அடிக்கடி போகும் பியூஸுக்குப் பதிலாக வயரிலிருந்து நாலு செப்பு இழையை உருவிக் கட்டுகிறவர்கள், அந்தச் சுவர் வயரையே பியூஸாக மாற்றுகிறார்கள்.

டயோடுக்கு வருவோம். 1874-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபெர்டினாண்ட் பிரவுன், கலீனா போன்ற உலோக சல்ஃபைடு படிகங்களைக் கம்பி முனையால் தொட்டு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். ஒரு திசையில் தாராளமாகப் போனது எதிர்த்திசையில் மிகக் குறைவாகவே போனது. ஓமின் விதி படித்த யாருக்கும் இது அதிர்ச்சிதான்; அந்த விதியில் திசைக்கு இடமே இல்லை. ஏன் இப்படி என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாவைக் கொண்டு மின்காந்த அலைகளைப் பிடிக்கும் கருவி செய்து 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காரணம் தெரியாமலே பயன் வந்துவிட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. 1940-ல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல், விரிசல் விழுந்த ஒரு சிலிக்கான் துண்டில் வெளிச்சம் பட்டால் அரை வோல்ட் எழுவதைக் கண்டார். துண்டு உறையும்போது அதிலிருந்த மாசுகள் பிரிந்து, ஒரு பாதியில் ஒரு வகையும் மறுபாதியில் இன்னொரு வகையும் சேர்ந்திருந்தன. டயோடின் ரகசியம் அந்த எல்லைக்கோட்டில் இருந்தது.

இன்று அந்த மாசை வேண்டுமென்றே கலக்கிறார்கள். சிலிக்கானின் ஒரு பகுதியில் பாஸ்பரஸ். அங்கே எலக்ட்ரான் உபரி. அடுத்த பகுதியில் போரான்; அங்கே எலக்ட்ரான் பற்றாக்குறை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உபரியும் பற்றாக்குறையும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்வதால், ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலத்துக்கு ஓடுவதற்கு ஆளில்லாத ஒரு பட்டை உண்டாகிறது. பேட்டரியை ஒரு விதமாக இணைத்தால் அந்தப் பட்டை ஒடுங்கி வழி விடும். மாற்றி இணைத்தால் இன்னும் அகன்று மறிக்கும். கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு மாதிரி. மேலே ஏறும் தண்ணீரை விடும், கீழே இறங்க முயன்றால் மூடிக்கொள்ளும். மூடியைத் தூக்கக் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படுவதுகூடப் பொருந்துகிறது. சிலிக்கான் டயோடு திறக்க 0.6 அல்லது 0.7 வோல்ட் கேட்கும். வால்வில் அசையும் மூடி உண்டு, டயோடில் அசைவது எதுவும் இல்லை, தேய்மானமும் இல்லை. நொடிக்கு ஐம்பது தடவை வீதம் வருடக்கணக்கில் திறந்து மூடுகிறது.

திறந்த பிறகு டயோடு எவ்வளவு விடும்? கேட்ட அளவு விடும். நல்ல டயோடில், அறை வெப்பத்தில், 60 மில்லிவோல்ட் கூட்டினாலே மின்னோட்டம் பத்து மடங்காகும். போதும் என்று அது சொல்லவே சொல்லாது. எல்இடியும் ஒரு டயோடுதான். 2 வோல்ட்டில் எரியும் சிவப்பு எல்இடியை, இடையே மின்தடை இல்லாமல் 5 வோல்ட்டில் நேராகக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வெளிச்சம், கொஞ்சம் வாடை, முடிந்தது. சூடாக ஆக நிலைமை இன்னும் மோசமாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் டயோடு கேட்கும் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட் குறைந்துகொண்டே போவதால், அதே அழுத்தத்தில் மேலும் அதிகமாக ஓடும், மேலும் சூடாகும். டயோடைப் பாதுகாப்புக் கருவி என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியல்ல. அளவு விஷயத்தில் பாதுகாப்புத் தேவைப்படுவதே அதற்குத்தான்.

சார்ஜரின் நான்கு டயோடுகளும் பெரும்பாலும் 1என்4007 வகையாக இருக்கும். முன்பக்கம் ஒரு ஆம்பியர். பின்பக்கம் ஆயிரம் வோல்ட் வரை மறிக்கும், அப்போதும் அறை வெப்பத்தில் கசிவது 5 மைக்ரோஆம்பியருக்குள். இரண்டு பக்கமும் மாறி மாறி வரும் மின்சாரத்தை ஒரே பக்கமாகத் திருப்புவது இவற்றின் வேலை. இவற்றில் ஒன்று செத்தால் என்ன ஆகும் என்பதில்தான் டயோடுக்கும் பியூஸுக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமாகத் தெரிகிறது. பியூஸ் சாகும்போது வழியை அடைத்துவிட்டுச் சாகும். டயோடு சூடேறிச் சாகும்போது, பெரும்பாலும், உள்ளே சிலிக்கானும் உலோகமும் ஓரிடத்தில் உருகிக் கலந்து, இரண்டு பக்கமும் வழியைத் திறந்துவிட்டுச் சாகும். இந்த நான்கும் சேர்ந்த பாலத்தில் ஒரு டயோடு இப்படி ஷார்ட் ஆனால், அது மறிக்க வேண்டிய அரைச்சுற்றில், நல்ல நிலையில் இருக்கும் அடுத்த டயோடு வழியாக 230 வோல்ட்டின் இரண்டு வயர்களும் நேருக்கு நேர் சந்திக்கும். அப்போது முன்னால் நிற்கும் பியூஸ் போகும். பியூஸைக் கொன்றது டயோடு. ஆனால் வெளியில் தெரிவது பியூஸின் சாவு மட்டும்தான்.

பழுதுபார்ப்பவர்கள் இதைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள். அறுந்த பியூஸின் கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளே கம்பி மட்டும் நடுவில் விட்டிருந்தால், மெதுவாக ஏறிய மிகைச்சுமை. கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ, வெள்ளிப் பூச்சு பூசினதுபோலோ இருந்தால், கம்பி ஆவியாகிச் சிதறியிருக்கிறது. உள்ளே எங்கோ ஷார்ட். அந்த நிலையில் புது பியூஸ் போடுவது காசுக்குக் கேடு, அடுத்த கணம் அதுவும் போகும். மல்டிமீட்டரை எடுத்து முதலில் டயோடுகளைப் பார்ப்பார்கள். நல்ல டயோடு ஒரு பக்கம் வைத்தால் 0.5, 0.6 என்று ஏதோ ஓர் எண் காட்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாது. நல்ல பியூஸ் எப்படி வைத்தாலும் ‘பீப்’ என்று கத்தும். ஷார்ட் ஆன டயோடும் அதேபோல இரண்டு பக்கமும் கத்தும். செத்த டயோடும் உயிருள்ள பியூஸும் மீட்டருக்கு ஒன்றுதான். புதிதாக வேலை பழகும் பையன்கள் இதில் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள்.

டயோடைக் காப்பாற்றப் பியூஸ் போதுமா? வேகம் பொருந்தினால் போதும். 1என்4007-இன் தகவல் தாளில், ஒரே ஒரு அரைச்சுற்றுக்கு, அதாவது 8.3 மில்லிநொடிக்கு, 30 ஆம்பியர் உச்சம் தாங்கும் என்றிருக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிய கணக்கில் அது சுமார் 3.7. பொறியாளர்கள் ‘ஐ-ஸ்கொயர்-டி’ என்று சொல்வது இந்த எண்ணைத்தான். பியூஸுக்கும் இதே எண் உண்டு. பியூஸின் எண் சிறியதாக இருந்தால் பியூஸ் முதலில் சாகும், டயோடு பிழைக்கும். பெரியதாக இருந்தால், பத்து ரூபாய் பியூஸைக் காப்பாற்ற ஆயிரம் ரூபாய் குறைகடத்தி உயிரைக் கொடுக்கும் என்ற பட்டறைக் கிண்டல் உண்மையாகிவிடும். பெரிய மின்திருத்திகளிலும் மோட்டார் இயக்கிகளிலும் டயோடுகளுக்கென்றே வெள்ளித் தகட்டில் செய்த அதிவேக பியூஸ் போடுவது இதைத் தவிர்க்கத்தான்.

இவை இரண்டும் சேர்ந்து செய்கிற வேலைகளில் எனக்குப் பிடித்தது காருக்குள் இருக்கிறது. காரின் பாட்டுப் பெட்டி, ஆம்ப்ளிஃபையர் போன்ற 12 வோல்ட் கருவிகளை யாராவது பேட்டரியில் பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்துவிட்டால் உள்ளே இருப்பவை நாசம். பியூஸ் மட்டும் இருந்து பயனில்லை. தலைகீழ் மின்சாரமும் நேர் மின்சாரமும் அதற்கு ஒன்றுதான் என்று பார்த்தோம். டயோடை மின்சாரம் வரும் வழியிலேயே தொடராக வைக்கலாம். அது தலைகீழாக வந்ததை மறித்துவிடும், ஆனால் நேராக ஓடும் நாளெல்லாம் 0.7 வோல்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். 20 ஆம்பியர் ஆம்ப்ளிஃபையரில் அது 14 வாட் வெறும் சூடு.

அதனால் வேறொன்று செய்கிறார்கள். வழியில் பியூஸ், அதற்குப் பின்னால், பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்காக, கோடு பிளஸ் பக்கம் பார்க்கும்படி ஒரு டயோடு. எல்லாம் சரியாக இருக்கும்வரை அந்த டயோடுக்கு வேலையே இல்லை, ஒரு வாட்கூட வீணாவதில்லை. பேட்டரியை மாற்றி இணைத்த கணத்தில் டயோடு திறந்துகொண்டு பேட்டரியையே ஷார்ட் செய்துவிடும். கார் பேட்டரியால் பல நூறு ஆம்பியர் தர முடியும். பியூஸ் மில்லிநொடிகளில் அறுந்துபோகும். இதற்குள் கருவிக்குத் தலைகீழாகக் கிடைத்தது டயோடு விட்டுவைத்த ஒரு வோல்ட் சொச்சம்தான். பியூஸால் பார்க்க முடியாத திசைத் தவற்றை, அது பார்க்கக்கூடிய அளவுத் தவறாக டயோடு மாற்றிக்கொடுக்கிறது. நேரான காரியத்துக்கு இத்தனை வன்முறையா என்று தோன்றினாலும், போவது ஒரு பியூஸோடு போகிறது.

பியூஸ் அறுந்ததும் யாராவது அங்கே தடித்த வயரைச் சுற்றியிருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். அடுத்த தடவை மாற்றி இணைக்கும்போது டயோடு தன் பங்கைச் செய்யும், வயர் அறாது, டயோடு வெந்து கடைசியில் பிளந்துவிடும். அதன் பிறகு முழு 12 வோல்ட்டும் தலைகீழாக உள்ளே போகும். முதலில் வெடிப்பது கெப்பாசிட்டர். திறந்து பார்க்கும் மெக்கானிக்குக் கருகிய டயோடு தெரியும். ‘டயோடு போட்டும் காப்பாத்தலையே’ என்று வாடிக்கையாளர் கேட்பார்.

இப்போது வரும் கருவிகளில் உருகும் கம்பி குறைந்துவருகிறது. கணினியின் யூஎஸ்பி வாய்களில் பல ஆண்டுகளாக, சூடேறினால் மின்தடை கூடி, ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும் பாலிமர் பியூஸ் இருக்கிறது. அதற்கும் அடுத்து ‘இ-பியூஸ்’ என்ற சில்லு. இது மின்னோட்டத்தைச் சூட்டால் உணர்வதில்லை, நேராக அளக்கிறது. அளவு மீறினால் மைக்ரோநொடிகளில் உள்ளிருக்கும் மாஸ்ஃபெட் ஸ்விட்சை அணைத்துவிடுகிறது. வர்க்கம் எடுக்காமல் அளப்பதால் இதற்குத் திசையும் தெரியும். பழைய குருட்டுத்தனம் தீர்ந்தது என்று நினைத்தால், அங்கே இன்னொரு சிக்கல். சக்தி மாஸ்ஃபெட்டின் கட்டமைப்புக்குள்ளேயே, கேட்காமல் கூடவே வரும் ஒரு டயோடு இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தாலும் அந்த டயோடு வழியாக எதிர்த்திசையில் மின்சாரம் ஓடும். அதனால் இரண்டு மாஸ்ஃபெட்களை எதிரெதிர் முகமாக வைத்து, ஒன்றின் டயோடு விடுவதை மற்றதன் டயோடு மறிக்கும்படி செய்கிறார்கள். இடமும் விலையும் வழியிலுள்ள மின்தடையும் கூடுகிறது. எல்லா இ-பியூஸ்களிலும் இரண்டாவது மாஸ்ஃபெட் இருப்பதில்லை. தகவல் தாளின் முதல் பக்கத்தில் ‘எதிர்த்திசை மின்னோட்டத் தடுப்பு’ என்ற வரி இல்லையென்றால், அந்தச் சில்லுக்கு வெளியே நீங்களே ஒரு டயோடு வைக்க வேண்டியிருக்கும்.